ஏ/எல் எழுதிய கையோடு வெளிநாட்டில் சம்மர் இங்கிலிஷ் கோர்ஸ்: போனால் என்ன கிடைக்கும்?

கேள்வி இதுதான். ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) தமிழ் மொழிமூலத்தில் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வெள்ளவத்தையில் வீட்டில் இருக்கும் தங்கச்சி ஒருவர், லண்டனில் ஒரு யூனிவர்சிட்டி நடத்தும் எட்டுக் கிழமைச் சம்மர் இங்கிலிஷ் கோர்ஸுக்குப் போக யோசிக்கிறார். லண்டனிலேயே ஹரோவில் பெரியம்மா இருக்கிறார். அப்பா காசு கட்டத் தயார், ஆனால் "எட்டுக் கிழமையில் என்ன வந்துவிடப் போகுது?" என்கிறார். பல நாட்டுப் பிள்ளைகளோடு நாட்கள் எப்படிப் போகும், பெரியம்மா வீட்டில் நிற்பதா ஹொஸ்டலில் நிற்பதா, இதே கோர்ஸை அமெரிக்காவில் செய்வது நல்லதா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

நான் கொழும்பில் இங்கிலிஷ் படிப்பிக்கிறேன். இடையில் சில வருடம் இங்கிலாந்தில் ஒரு யூனிவர்சிட்டியில் சம்மர் வகுப்புகளும் எடுத்தேன். இங்கிருந்து போய் வந்த பிள்ளைகள் சொல்வதையும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

அப்பா கேட்டது நியாயமான கேள்வி, அதிலிருந்தே தொடங்குவோம். ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ1 முதல் சீ2 வரை ஆறு படிகள். ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏற ஏறத்தாழ 200 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் பரீட்சைக்காரர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. கிழமைக்கு 20 மணி நேரம் வகுப்பு என்று வைத்தாலும் எட்டுக் கிழமைக்கு 160 மணி நேரம். நாலு கிழமைக் கோர்ஸ் என்றால் வெறும் 80. ஆக, வகுப்பை மட்டும் நம்பிப் போனால் ஒரு படிகூட முழுதாக ஏறாது. கிராமர் படிக்கத்தான் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து போகாதீர்கள். அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸில் பிரிட்டிஷ் கவுன்சில் இருக்கிறது, அதைவிடக் குறைந்த காசில் நல்ல வகுப்புகளும் கொழும்பில் இருக்கின்றன. ரெலட்டிவ் க்ளோஸ் படிக்க ஹீத்ரோவில் இறங்கத் தேவையில்லை.

அப்போ ஏன் போக வேண்டும்? கொழும்பில் கிடைக்காத ஒன்றுக்காக.

உங்கள் ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். வீட்டில் தமிழ். பஸ்ஸில் கண்டக்டரோடு சிங்களம். மார்க்கெட்டில் பாதி தமிழ், பாதி சிங்களம். இங்கிலிஷ் வகுப்பில் மட்டும் இங்கிலிஷ், அதுவும் மிஸ் கேட்டால்தான். அதாவது இங்கிலிஷ் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்ற நிலை உங்களுக்கு ஒரு நாளும் வருவதில்லை. எப்போதும் கைவசம் வேறு இரண்டு மொழி இருக்கிறது. இன்னொன்று, கொழும்பில் இங்கிலிஷ் என்பது மொழி மட்டும் இல்லை. நாலு பேர் கூடினால் முதல் கேள்வி "எந்த ஸ்கூல்?" அடுத்தது நீங்கள் வாய் திறந்து ஒரு வசனம் சொன்னதும் மனதுக்குள் நடக்கும் மார்க் போடுதல். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், அப்பா என்ன வேலை எல்லாம் அந்த ஒரு வசனத்தில் கணக்குப் பார்க்கப்படும். அதற்குப் பயந்தே தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இங்கிலிஷ் தெரியும். இங்கிலிஷ் கதைக்கத் தெரியாது. கட்டுரை எழுதச் சொன்னால் இரண்டு பக்கம் எழுதுவார்கள். போனில் ஒரு பீட்சா ஓர்டர் பண்ணச் சொன்னால் அண்ணாவிடம் போனைக் கொடுப்பார்கள்.

சம்மர் கோர்ஸில் இந்தப் பயம் இரண்டாவது கிழமையிலேயே கழன்றுவிடும். ஏனென்றால் பக்கத்தில் இருப்பது ஒசாகாவிலிருந்து வந்த பிள்ளை, எதிரில் இருப்பது பிரேசில்காரப் பையன். அவர்களுக்கு உங்கள் ஸ்கூல் பெயர் தெரியாது, தெரிந்தாலும் கவலை இல்லை. நீங்கள் 'வென்ட்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கோ' என்றால் அவர்களுக்கும் அது பிழை என்று உடனே படாது. இங்கிலிஷ்காரர்களோடு பழகினால்தான் இங்கிலிஷ் வரும் என்று எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். எட்டுக் கிழமைக்கு அது நடக்காது, தங்கச்சி. சம்மரில் அங்கத்தைய மாணவர்கள் லீவில் வீட்டுக்குப் போயிருப்பார்கள், கம்பஸில் இருப்பது உங்களைப் போல வந்தவர்கள்தான். அது குறை என்று பலர் வந்து முறைப்பாடு சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மொழி யாருக்கும் சொந்தமில்லாத மேசையில்தான் கூச்சம் உள்ளவர்கள் முதலில் வாய் திறக்கிறார்கள்.

வகுப்பு எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். முதல் நாளோ இரண்டாம் நாளோ ஒரு தரப்படுத்தல் பரீட்சை வைப்பார்கள்: கொஞ்சம் கிராமர், கொஞ்சம் எழுத்து, அப்புறம் ஓர் ஆசிரியரோடு சில நிமிடம் கதைக்க வேண்டும். அதை வைத்து வகுப்புப் பிரிப்பார்கள். இங்கிருந்து போகும் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும்: நினைத்ததைவிட மேல் வகுப்பில் போட்டுவிடுவார்கள். ஏனென்றால் நாங்கள் ஆண்டு மூன்றிலிருந்து புத்தக இங்கிலிஷ் படிக்கிறோம், கடைப் பலகையிலிருந்து மருந்துச் சீட்டு வரை இங்கிலிஷைப் பார்த்தே வளர்கிறோம். கேட்டால் விளங்கும், வாசித்தால் விளங்கும். மேல் வகுப்பில் போட்டதும் "எனக்குக் கஷ்டம், கீழே விடுங்கோ" என்று ஒப்பீஸுக்கு ஓடுவார்கள். ஓட வேண்டாம். ஒரு கிழமை இருந்து பாருங்கள்.

டீச்சர் உள்ளே வந்ததும் எழும்பி நிற்பீர்கள். பழக்கம், போகாது. வகுப்பில் நீங்கள் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருப்பீர்கள், அதுவும் முதல் நாளோடு சரி. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது வாயில் வராது, 'சேர்', 'மிஸ்' என்றே கடைசி வரை ஓட்டுவார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை.

கஷ்டம் வருவது கலந்துரையாடலில். ஐந்தாறு பேரை ஒரு மேசையில் இருத்தி ஒரு விஷயத்தைக் கொடுத்துக் கதைக்கச் சொல்வார்கள். இத்தாலி, பிரேசில் பிள்ளைகள் ஒருவர் முடிக்க முன்னரே மற்றவர் தொடங்கிவிடுவார்கள். ஜப்பான் பிள்ளைகள் கேள்வி முடிந்த பிறகும் யோசிப்பார்கள். அந்த இடைவெளியில் வேறு யாராவது புகுந்தால் அவர்களுடைய முறை போய்விடும். எங்கள் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள்: கையை உயர்த்திவிட்டு டீச்சர் கூப்பிடுவார் என்று காத்திருப்பார்கள். டீச்சர் கூப்பிட மாட்டார். அவர் ஒரு மூலையில் நின்று குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார். நான் அந்த மூலையில் நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: அவர் பார்ப்பது உங்கள் கிராமரை இல்லை. மற்றவர் சொன்னதைப் பிடித்து நீங்கள் மேலே கொண்டுபோகிறீர்களா, பேசாமல் இருப்பவரை உள்ளே இழுக்கிறீர்களா என்பதைத்தான். பக்கத்தில் இருக்கும் ஜப்பான் பிள்ளையிடம் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் அதற்கே மதிப்பு உண்டு.

இன்னொரு இடறல், எழுத்தில். இங்கே ரியூசன் வகுப்பில் ரியூட் (அச்சடித்த பாடக்குறிப்பு) தருவார்கள், அதில் மாதிரிக் கட்டுரை இருக்கும், அதைப் பாடமாக்கிப் பரீட்சையில் இறக்குவோம். அங்கே அது களவு. பாடமாக்கிய வசனத்தை எழுதினாலும், இணையத்தில் இருந்து எடுத்த பந்தியில் நாலு சொல்லை மாற்றிப் போட்டாலும், டர்னிட்டின் மாதிரியான மென்பொருள் நிறம் போட்டுக் காட்டிவிடும். இப்போது ஏஐயிடம் எழுதி வாங்கிக் கொடுப்பவர்களையும் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். ஒருவர் சொன்னதை உங்கள் சொல்லில் சொல்லி, யார் சொன்னது என்று பெயரும் ஆண்டும் போடும் பழக்கத்தை அங்கே திரும்பத் திரும்பச் செய்விப்பார்கள். அலுப்பாக இருக்கும். ஆனால் பிறகு எந்த யூனிவர்சிட்டிக்குப் போனாலும், இங்கே பேராதனைக்கோ கொழும்புக்கோ போனாலும், இந்தக் கோர்ஸில் கையோடு கொண்டுவரக்கூடிய உருப்படியான விஷயம் அதுதான்.

இதோடு ஒரு எச்சரிக்கை. யூனிவர்சிட்டிகள் சம்மரில் இரண்டு வகையான இங்கிலிஷ் கோர்ஸ் நடத்துகின்றன, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். ஒன்று பொதுச் சம்மர் ஸ்கூல்: காலையில் வகுப்பு, பின்னேரம் மியூசியம், சனிக்கிழமை பஸ்ஸில் ஒக்ஸ்போர்ட் அல்லது பாத். மற்றது 'ப்ரீசெஷனல்'. அது செப்டெம்பரில் டிகிரிக்கோ மாஸ்டர்ஸுக்கோ இடம் கிடைத்து, ஐஈஎல்டிஎஸ் இங்கிலிஷ் பரீட்சையில் அரைப் புள்ளி போல் குறைந்தவர்களுக்கு. அங்கே பாஸ் பண்ணாவிட்டால் கிடைத்த இடமே போய்விடலாம். அதனால் பிள்ளைகள் இரவு இரண்டு மணிக்கும் லைப்ரரியில் இருப்பார்கள், சிரிப்பு குறைவு. உங்களுக்கு அங்கே டிகிரி இடம் எதுவும் இல்லை என்பதால் நீங்கள் கேட்பது முதல் வகையாகத்தான் இருக்க வேண்டும். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே மாதிரிப் புல்வெளிப் படம்தான் போடுவார்கள், பெயரைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

இனிப் பெரியம்மா வீடு. இதைச் சொன்னால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும், பரவாயில்லை. ஹொஸ்டலில் நில்லுங்கள்.

ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் எல்லாம் எங்கள் ஆட்கள் நிறைந்த இடம். காலையில் தமிழில் எழும்பி, புட்டும் சம்பலும் சாப்பிட்டு, மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் வகுப்புக்குப் போய், மூன்று மணிக்குத் திரும்பி வந்து, மச்சாளோடு தமிழ் சீரியல் பார்த்துவிட்டுப் படுப்பீர்கள். சனி ஞாயிறில் பிறந்தநாள், சாமத்தியவீடு, ஆகஸ்டில் ஈலிங் அம்மன் கோயில் தேர். எல்லாம் நல்லதுதான், ஆனால் அதற்கு யூனிவர்சிட்டிக் காசு எதற்கு? வகுப்பு நாலு மணி நேரம்தான். மீதி நேரம் எந்த மொழியில் போகிறது என்பதில்தான் அப்பாவின் காசு நிற்கிறது. கனடா போகிறவர்கள் ஸ்காபுரோவில் மாமா வீட்டில் நின்றால் அங்கேயும் இதே கதை. தேருக்குப் போங்கள், ஒரு ஞாயிறு சோறு சாப்பிடப் போங்கள். திரும்பி ஹொஸ்டலுக்கு வந்துவிடுங்கள்.

ஹொஸ்டலில் பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் தனி அறை, ஐந்தாறு பேருக்கு ஒரு குசினி. அந்தக் குசினிதான் உண்மையான வகுப்பு. யாருடைய பால், யார் சட்டியைக் கழுவாமல் விட்டது, ப்ரிட்ஜில் இருப்பது பன்றி இறைச்சியா, சவூதிப் பிள்ளையின் தட்டில் அது பட்டுவிட்டதா என்று கதைக்க வேண்டி வரும், கோபப்பட வேண்டி வரும், மன்னிப்புக் கேட்க வேண்டி வரும். எந்தப் பாடப்புத்தகமும் இதைத் தராது. முதல் சனிக்கிழமை நீங்கள் பருப்புக் கறி வைப்பீர்கள். எண்ணெய் சூடாகி, கடுகு வெடித்து, செத்தல் மிளகாய் கறுத்துப் புகை எழும்பியதும் சீலிங்கில் இருக்கும் அலாரம் கத்தும். அங்கே அது விளையாட்டு இல்லை, முழுக் கட்டிடமும் கீழே இறங்கிக் கார் பார்க்கில் நிற்க வேண்டும். ஈரத் தலையோடு ஒருத்தி, நைட் டிரஸ்ஸில் இருவர், கையில் நூடில்ஸ் கோப்பையோடு ஒருவர். செக்யூரிட்டிக்காரர் வந்து யார் சமைத்தது என்று கேட்பார். நீங்கள்தான் விளக்க வேண்டும்: தாளிப்பது என்றால் என்ன, ஏன் புகை வரும், ஏன் அது தீ இல்லை. என் மாணவி ஒருத்தி அந்தக் கார் பார்க்கில்தான் வாழ்க்கையில் முதல் முறை ஐந்து நிமிடம் நிறுத்தாமல் இங்கிலிஷ் கதைத்ததாகச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை அந்தக் கட்டிடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் பருப்புக் கேட்டு வந்தார்களாம். (ஜன்னலைத் திறந்து, குசினிக் கதவை மூடி, மிளகாயைக் கடைசியில் போடுங்கள்.)

தனிமையும் வரும், மறைக்கவில்லை. வழக்கமாக இரண்டாம் கிழமை முடிவில். ஜூனில் லண்டனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், நித்திரை வராது, வட்ஸ்அப்பில் அம்மாவோடு ஒரு மணி நேரம் போய்விடும். கோல் எடுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நேரத்தைக் குறியுங்கள். இலங்கை நேரம் அங்கத்தைய சம்மர் நேரத்தைவிட நாலரை மணி முன்னால். அதனால் லண்டனில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு இங்கே எல்லோரும் படுக்கப் போய்விடுவார்கள். அது உங்களுக்கு நல்லது, பின்னேரம் மற்றப் பிள்ளைகளோடு வெளியே போக விடும்.

அமெரிக்காவா இங்கிலாந்தா என்றால், படிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்கா இதில் பழைய கை: மிச்சிகன் யூனிவர்சிட்டியில் சார்ல்ஸ் ஃப்ரீஸ் என்பவர் 1941இல் தொடங்கிய இங்கிலிஷ் நிலையம் அந்த நாட்டில் இந்த வகையில் முதலாவது. அங்கே கம்பஸ்கள் பெரும்பாலும் சின்ன ஊர்களில், சம்மரில் வெறிச்சென்று கிடக்கும், கார் இல்லாவிட்டால் கடைக்குப் போவதே பாடு. ஜூலை 4 வாணவேடிக்கை பார்க்கலாம். வெளியே கொழும்பு மாதிரி வெக்கை, வகுப்புக்குள் ஏசி நுவரெலியா மாதிரி, சுவெட்டர் கட்டாயம்.

வித்தியாசம் விசாவில்தான். அமெரிக்காவில் கிழமைக்கு 18 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வகுப்பு உள்ள முழுநேர இங்கிலிஷ் கோர்ஸுக்கு எஃப்-1 மாணவர் விசா எடுக்க வேண்டும். யூனிவர்சிட்டி உங்களைச் சேர்த்ததற்கு அத்தாட்சியாக ஐ-20 படிவம் அனுப்பும், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டொலர், விசா விண்ணப்பம் 185 டொலர், அப்புறம் காலி வீதியில் தூதரகத்தில் நேர்முகம். கட்டணங்கள் கூடிக்கொண்டே போகின்றன, கட்ட முன் தூதரகத் தளத்தில் பாருங்கள். நேர்முகத்தில் "இங்கிலிஷ் படிக்க ஏன் அமெரிக்கா, கொழும்பில் படிக்க முடியாதா?" என்று கேட்பார்கள். பெறுபேறும் இல்லை, வேலையும் இல்லை, யூனிவர்சிட்டி இடமும் இன்னும் இல்லை என்ற நிலையில் திரும்பி வருவேன் என்று காட்டுவது எளிதில்லை. இங்கிலாந்தில், அங்கீகாரம் உள்ள இடமென்றால், ஆறு மாதத்துக்குள் முடியும் கோர்ஸை வழமையான விசிட்டர் விசாவிலேயே படிக்கலாம். கனடாவிலும் ஆறு மாதத்துக்குள் முடியும் படிப்புக்குத் தனி மாணவர் அனுமதி தேவையில்லை, எங்கள் கடவுச்சீட்டுக்கு விசிட்டர் விசா மட்டும் வேண்டும். உங்கள் நிலையில் நான் இங்கிலாந்தைத்தான் சொல்வேன்.

விசிட்டர் விசா என்பதால் சும்மா எழுதிவிட்டுப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். கோர்ஸுக்கு என்று சொல்லிக் கோர்ஸ் கடிதத்தோடு போடுங்கள். பெரியம்மா இருப்பதை மறைக்காதீர்கள், கேட்ட இடத்தில் சொல்லுங்கள். அப்பாவின் வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முதல் கிழமை திடீரென்று பெரிய தொகை விழுந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டி வரும். சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கிப் போட்டுக் காட்டும் வேலை இங்கே நிறைய நடக்கிறது, அதற்காகவே நிராகரிப்பும் நிறைய நடக்கிறது. ஒருமுறை மறுத்தால் பிறகு இங்கிலாந்து, கனடா, அவுஸ்திரேலியா எதற்கு விண்ணப்பித்தாலும் அதை எழுத வேண்டும். ஒரு சம்மர் கோர்ஸுக்காக நாளைக்கு மாஸ்டர்ஸ் விசாவில் அந்தக் கறை வேண்டாம். ஏஜென்ட் ஒருவர் "விசா நிச்சயம்" என்றால் அடுத்த கதவைப் பாருங்கள்.

நாளும் பார்க்க வேண்டும். பெறுபேறு வந்தால் மீள்திருத்தத்துக்கு விண்ணப்பிக்கும் நாள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் போடும் நாள் எல்லாம் அடுத்தடுத்து வரும். நீங்கள் லண்டனில் இருக்கும்போது அது வந்தால் யார் செய்வது என்று வீட்டில் முதலே பேசி, அடையாள அட்டைப் பிரதியும் பரீட்சை இலக்கமும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

காசு கட்ட முன் கோர்ஸ் ஒப்பீஸுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், இங்கிலிஷில், நீங்களே. வகுப்பில் எத்தனை பேர், ஒரே நாட்டவர் கூடினால் எத்தனை வரை விடுவார்கள், ஹொஸ்டலில் ஒரே மொழிக்காரரைச் சேர்த்துப் போடுவார்களா பிரித்துப் போடுவார்களா, பின்னேரத்தில் என்ன, விசா மறுத்தால் காசு திரும்ப வருமா. ஒரே நாட்டவர் பற்றிய கேள்வி முக்கியம்: ஜப்பான் யூனிவர்சிட்டிகளுக்கு ஆகஸ்ட், செப்டெம்பரில் நீண்ட லீவு, அதனால் அந்த மாதங்களில் சில இடங்களில் ஒரே யூனிவர்சிட்டியிலிருந்து கூட்டமாக வந்து வகுப்பை நிரப்பிவிடுவார்கள். பிரேக்கில் அவர்கள் தங்களுக்குள் ஜப்பானிய மொழிதான் கதைப்பார்கள், நீங்கள் தனியே நிற்பீர்கள். ஜூன் கடைசியில் தொடங்கும் கோர்ஸ் கிடைத்தால் அதை எடுங்கள். இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லாத இடத்துக்குக் காசு கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.